தட்டான் மார்க் செருப்பும் வெறுங்கால் டீமும்

ஃபுட்பால் கிளப்பு வாங்குறவங்க யாரும் ஃபுட்பாலுக்காக வாங்குறதில்லை. ஒண்ணை வாங்கி, வச்சு மாரடிச்சு, வித்தும் முடிச்சவ சொல்றேன், நம்புங்க. மச்சினன் பேச்சைக் கேட்டு லாரி வாங்குனவங்க, கோழிப்பண்ணை வச்சவங்க, சினிமாக் கொட்டகையில பங்கு போட்டவங்க எல்லாம் நம்ம சாதிசனந்தான். ஒங்களுக்குச் சொன்னாத்தான் இது புரியும்.

எழுபதுகளோட கடைசி அது. எங்க வீட்டுக்காரரு மதுரைக்கு வெளிய கப்பலூர் தொழிற்பேட்டையில ஒரு ஷெட்டு எடுத்து ரப்பர் செருப்பு தயார் பண்ணிக்கிட்டு இருந்தாரு. தட்டான் மார்க். சிம்மக்கல்லுல கடை, அதுல நான் உக்காருவேன். ஷெட்டுல பதினாலு பேருக்கு வேலை. செருப்பு நல்ல செருப்புத்தான், பேருதான் ஒருத்தருக்கும் தெரியலை. சில்லறைக் கடைக்காரங்க பெரிய கம்பெனி செருப்பைத்தான் வாசல்ல தொங்க விடுவாங்க. எங்களோட மூட்டை மூலையில கிடக்கும். மேலமாசி வீதியில ஒரு கடையில அது மேல பூனை குட்டியே போட்டுருச்சு. கடைக்காரரு மூட்டையைப் பிரிக்காததுக்கு அதையே காரணமாச் சொல்லி ரெண்டு மாசம் ஓட்டுனாரு. அந்தத் தீவாளிக்குள்ள யாவாரம் பிடிக்கலேன்னா ஷெட்டை ஒப்படைச்சுட்டு, பதினாலு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. சொன்ன மறுவாரம் போயி ஒரு ஃபுட்பால் கிளப்பை வாங்கிட்டு வந்தாரு.

பெட்டிக்குள்ள இருந்த கிளப்பு

கிளப்பு ஒரு தகரப் பெட்டியில, ரிக்சாவுல வந்து எறங்குச்சு. தெறந்து பாத்தேன். ரெண்டு வலை, காத்துப்போன பந்து ஒண்ணு, ஒரு விசில், ரசகற்பூர வாடையோட பனியன் ஒரு டஜன், லீக்குல பேரு பதிஞ்ச ஒரு நோட்டு. "ஏங்க, ஆடுறவங்க எங்க?"ன்னேன். "அவங்களைப் பெட்டியிலயா போடுவாங்க? சாயந்தரம் மைதானத்துக்கு வருவாங்க"ன்னாரு. அப்புறம் ஒரு விளக்கம் குடுத்தாரு. சுவத்துல வெளம்பரம் எழுதுனா மழையில போயிருமாம். நோட்டீஸ் அடிச்சா கடலை மடிச்சுக் குடுத்துருவாங்களாம். பதினோரு ஆம்பளை முதுகுல "தட்டான் மார்க்"னு எழுதி ஒன்றரை மணி நேரம் ஓட விட்டா, ஊரே கண்ணை எடுக்காமப் பாக்குமாம். கேக்கும்போது எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. கேக்கும்போது எல்லாமே சரியாத்தான் படும்.

வித்தவரு ஒரு மரக்கடைக்காரரு. பெட்டிக்குப் பின்னாலயே சைக்கிள்ல வந்தாரு, பெட்டி வந்து சேந்துச்சான்னு பாக்க. ஒரு காப்பியைக் குடுத்து உக்கார வச்சேன். "இம்புட்டு நல்ல கிளப்பை ஏண்ணே விக்கிறீக?"ன்னேன். கவுன்சிலர் எலெக்சனுக்கு நிக்கிறதுக்காக வாங்குனாராம், நின்னு தோத்துட்டாராம். காப்பியை ஆத்திக்கிட்டே சொன்னாரு: "மேட்ச் பாக்க வந்தவன் பூராம் கை தட்டுனான் தாயி. அந்தக் கையால ஓட்டுக் குத்தத்தான் ஒருத்தனையும் காணோம்."

முதுகுல செருப்பு, கால்ல ஒண்ணுமில்லை

மொத மேட்சுக்கு நானும் போனேன். குடை பிடிச்சு உக்காந்த ஒரே பொம்பளை நாந்தான். எங்க ஆளுக புதுப் பனியன் போட்டு வரிசையா எறங்குறாங்க, முதுகுல பெரிசா "தட்டான் மார்க் செருப்பு". கீழ பாத்தா பதினோரு பேருக்கும் வெறுங்காலு. அப்பல்லாம் லீக்குல பாதி டீமு வெறுங்கால்லதான் ஆடும். அது எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன, பனியனை எழுதக் குடுக்குறப்ப அவருக்கு முதுகு மட்டுந்தான் ஞாபகம், காலு ஞாபகம் வரலை.

அவருக்கும் செருப்புக்கும் ஆதியிலருந்தே ஆகாது. எங்க கல்யாணத்தன்னைக்கு கோயில் வாசல்ல விட்ட மாப்பிள்ளைச் செருப்பை எவனோ போட்டுட்டுப் போயிட்டான். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு, மாலையும் கழுத்துமா, கொதிக்கிற தார் ரோட்டுல தவ்வித் தவ்வி நடந்து வந்தாரு. எங்க அம்மாச்சி, மாப்பிள்ளைக்குக் காலு கோளாறோன்னு பயந்தே போச்சு. அந்த மனுசன் செருப்புக் கம்பெனி வச்சு, வெறுங்கால் டீமை வாங்கி நிக்கிறாரு. மேட்சுக்கு மறுநாள் கடைக்கு ஒரு பால்காரரு வந்தாரு. செருப்பை எடுத்தாரு, வளைச்சாரு, மோந்து பாத்தாரு, திரும்ப வச்சுட்டாரு. "என்னண்ணே, பிடிக்கலையா?"ன்னேன். "செருப்பு நல்லாத்தான் இருக்குக்கா. ஒங்க ஆளுகளே போட மாட்டேங்குறாங்களே, உள்ள என்ன வெவகாரம்னுதான் யோசிக்கிறேன்."

பூட்ஸ் வாங்குன வாரம்

இப்படிப் பத்துப் பேரு கேட்டதும் எங்க வீட்டுக்காரருக்கு ரோசம் வந்துருச்சு. பதினோரு ஜோடி பூட்ஸ் வாங்கிட்டு வந்து இறக்குனாரு. செருப்புப் போட்டு ஆட முடியாது, சரி, கால்ல எதையாவது மாட்டுனா ஊரு வாயை மூடும்னு கணக்கு. அந்த வாரம் எங்க ஆளுக நடந்ததைப் பாக்கணுமே. புதுக் கொலுசு போட்ட பொண்ணு மாதிரி காலைப் பாத்துப் பாத்து வைக்கிறாங்க. இடைவேளைக்குள்ள நாலு கோலு வாங்கியாச்சு. டீ குடிச்சுட்டு எறங்குறப்ப கோல் கம்பத்துக்குப் பின்னால பதினோரு ஜோடி பூட்ஸும் வரிசையா இருக்கு, கோயிலுக்குள்ள போறவங்க கழட்டி வச்ச மாதிரி. அதுக்கப்புறம் அவங்க ஒரு கோலு கூட விடலை.

கோல் கீப்பரு சோணை எங்க ஷெட்டுலயே வேலை பாக்குற ஆளு. செருப்புக்கு வாரு மாட்டுறது அவன்தான். கையி ரெண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும், அந்தக் கையில பந்து மாட்டுனா வெளிய வராது. மேட்சு முடிஞ்சு எங்க வீட்டுக்காரரு கோவமா நிக்கிறாரு. சோணை பூட்ஸைத் துடைச்சு, ஜோடி ஜோடியாக் கட்டி, அவரு கையில குடுத்துட்டுச் சொன்னான்: "மொதலாளி, பந்து எங்க கிடக்குன்னு காலுக்குத் தெரியணும். இதைப் போட்டா கண்ணுக்கு மட்டுந்தான் தெரியுது."

எறிஞ்ச காலு

அடுத்த மேட்சுலயும் தோல்வி. இந்தத் தடவை எங்களுக்குக் கை தட்ட வந்த கூட்டமே கொதிச்சுப் போச்சு. மொத செருப்பு ஒண்ணு பறந்து வந்து ரெஃப்ரி பக்கத்துல விழுந்துச்சு. அப்புறம் ஆடி மாசத்துக் காத்துல எலை உதிர்ற மாதிரி செருப்பா வந்து விழுகுது, எல்லாம் எங்க ஆளுக மேல. எங்க வீட்டுக்காரரு தலையில துண்டைப் போட்டு உக்காந்துட்டாரு. எனக்கு என்னமோ தோணுச்சு. கூட்டம் கலைஞ்சதும் மைதானத்துக்குள்ள போயி ஒவ்வொண்ணா எடுத்து அடியைத் திருப்பிப் பாத்தேன். முக்காவாசி தட்டான் மார்க். மேட்ச் அன்னைக்கு மைதானத்து வாசல்ல சாக்கை விரிச்சு அவரு சகாயமா வித்ததெல்லாம் அப்படியே திரும்பி வந்துருக்கு.

மறுநாள் கடையைத் தொறக்குறேன், வாசல்ல ஏழெட்டு ஆளு ஒத்தைக் கால் செருப்போட நிக்கிறாக. கூச்சத்துல ஒருத்தரை ஒருத்தர் பாக்கலை. செருப்பை ஜோடியாத்தான் குடுப்பேன், ஒத்தையாக் குடுத்தா மிச்சத்தை நான் யாரு கால்ல மாட்டுறதுன்னேன். முணுமுணுத்துக்கிட்டே வாங்கிட்டுப் போனாக. மத்தியானத்துக்குள்ள மூணு மூட்டை காலி. கடைசியா வந்த ஒரு பெரியவரு மட்டும் வெக்கப்படாம நேராவே கேட்டாரு: "எனக்கு வலது மட்டும் போதும்மா. இடது கால் செருப்பை நான் எறியலை, அதுக்குள்ள என்னையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வண்டியூருக்குப் பழம் வாங்கிட்டுப் போனது

இந்த இடத்துலதான் நான் தப்புப் பண்ணுனேன். அதுக்கப்புறம் எங்க டீமு தொடர்ந்து ரெண்டு மேட்சு செயிச்சது. செயிச்ச வாரம் கடையில ஈ ஓட்டுனேன். சந்தோசமாப் போறவன் ரெண்டு கால்லயும் செருப்போட வீட்டுக்குப் போயிர்றான்ல. தீவாளிக்குப் பத்து நாளு இருக்கு. அதுக்கு முன்னால ஒரே ஒரு மேட்சு, கடைசி மேட்சு. அது தோத்தா ஷெட்டு பிழைக்கும், செயிச்சா பதினாலு பேரும் வீட்டுக்கு. எங்க வீட்டுக்காரருக்கிட்ட இதைச் சொல்ல முடியுமா? அவரு தூக்கத்துலயே பாஸ் குடுக்குற ஆளாயிட்டாரு. ஒரு சீப்பு மலைப்பழமும் கால் கிலோ மிச்சரும் வாங்கிக்கிட்டு, டவுன் பஸ் ஏறி, வண்டியூர்ல சோணை வீட்டுக்குப் போயிட்டேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால வீடு.

சோணை பொண்டாட்டி சுக்குக் காப்பி போட்டுக் குடுத்துச்சு. மருந்துன்னு நெனச்சுக் குடிச்சேன். சுத்தி வளைச்சு என்னென்னமோ பேசுனேன். மழை எப்பன்னேன், பிள்ளைக படிக்குதான்னேன், மனுசன் எல்லா நேரமும் பந்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்க முடியுமான்னேன். சோணை ஒரு பழத்தை உரிச்சுத் தின்னு முடிச்சான். தோலை ஓரமா வச்சான். "ஷெட்டை மூடுனா எனக்குந்தேன்க்கா வேலை இல்லை, அது தெரியும். கோலு விடுறது ஒண்ணும் பெரிய காரியமில்லை, சும்மா நின்னாப் போதும். ஆனா செருப்பு எம்மேலதான வந்து விழும்? நான் வாரு மாட்டுன செருப்பால நானே அடி வாங்கணுமாக்கா?"

சேறு

மேட்ச் அன்னைக்குக் காலையிலருந்தே மழை. கரிசல் தரை, குழைச்ச மாவு மாதிரி கிடக்கு. நான் சோணை மூஞ்சியைப் பாக்கவே கூசிக்கிட்டு, குடையைத் தாழ்த்திப் பிடிச்சு உக்காந்திருந்தேன். எங்களுக்கு ஒரு கோலு. முடியப் போற நேரத்துல எதிர் டீமுக்கு ஒரு பெனால்ட்டி. பொய் சொல்லக்கூடாது, அது உள்ள போகணும்னு வேண்டலை. போகக்கூடாதுன்னும் வேண்டலை. சாமியே பாத்துக்கிரட்டும்னு கண்ணை மூடிக்கிட்டேன். தெறக்குறப்ப சோணை சேத்துல குப்புறக் கிடக்கான், பந்து அவன் நெஞ்சுக்கு அடியில. அம்புட்டுக் கூட்டமும் அவனைத் தூக்க உள்ள ஓடுது. ஓடுனவங்க காலு வந்துச்சு, செருப்பு வரலை. சேறு பிடிச்சுக்கிருச்சு. வெடுக்குன்னு இழுத்தவனுக்கெல்லாம் வாரு அறுந்து கையோட வந்துருச்சு.

மறுநாள் கடை வாசல்ல தேர்க்கூட்டம். எல்லாரு கையிலயும் அறுந்த செருப்பு. அடிக்கத்தான் வந்துட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரரு அட்டைப் பெட்டிக்குப் பின்னால போயிட்டாரு. பாத்தா, பாதிக்கு மேல எங்க செருப்பே இல்லை, வேற வேற கம்பெனி. அவங்களுக்கு வேண்டியது வாரு. அந்தக் கம்பெனிக்காரங்க செருப்புத்தான் விப்பாங்க, வாரு தனியா யாருக்கிட்டயும் இல்லை. எங்கக்கிட்ட ரெண்டு பெட்டி கிடந்துச்சு. அது பத்து மணிக்கே தீந்து, கப்பலூருக்கு ஆள் விட்டு, ஷெட்டே கடைக்கு வந்துருச்சு. பதினாலு பேரும் பிளாட்பாரத்துல உக்காந்து தீவாளி வரைக்கும் வாரு மாட்டுனாங்க. தீவாளி போச்சு, கூட்டம் போகலை. ஜில்லா பூராவும் கடைக்காரங்க எங்க வாரைக் கொத்துக் கொத்தா வாசல்ல தொங்க விட்டாங்க. ஷெட்டு எங்களுக்கே நின்னுச்சு. அன்னைக்கு மொத ஆளா நின்ன ஒரு பஸ் கண்டக்டரு, பெரிய கம்பெனி செருப்பைப் பூப்போல எங்கிட்ட நீட்டிச் சொன்னாரு: "இது நல்ல செருப்புக்கா, பாத்துப் பிடிங்க. வாரு மட்டும் ஒங்களோடது போதும்."

ரெண்டு வரி

வாருக்கு எவனும் மார்க் பாத்து வாங்குறதில்லை. அதுக்கு எதுக்கு வெளம்பரம், எதுக்குக் கிளப்பு? விக்கலாம்னேன். எங்க வீட்டுக்காரரு ஒரு வாரம் எங்கூடப் பேசலை, சோத்தை மட்டும் சாப்புட்டாரு. வாங்க வந்தவரு ஒரு வெங்காய மண்டிக்காரரு. மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காரு. சம்பந்தி வீட்டுப் பத்திரிகையில அவுக பேருக்குக் கீழ செயலாளரு, பொருளாளருன்னு மூணு பதவி அச்சடிச்சிருக்காம். இவரு பேருக்குக் கீழ வெங்காய மண்டி மட்டும் இருந்தா மகளுக்கு அந்த வீட்டுல மரியாதை இருக்குமான்னு மனுசன் உண்மையிலேயே கவலைப்பட்டாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு.

டீமைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. "தலைவர்"னு போடலாமா, "நிறுவனத் தலைவர்"னு போடலாமா, எது நீளம்னு மட்டும் கேட்டாரு. நான் ரெண்டே ரெண்டு நிபந்தனை போட்டேன்: மேட்ச் முடிஞ்சா ஆளுக்கு ரெண்டு பரோட்டாவும் முட்டையும் வழக்கம்போல வாங்கிக் குடுக்கணும், பூட்ஸைக் கொண்டாந்து நீட்டக்கூடாது. ரெண்டுக்கும் தலையாட்டுனாரு. பக்கத்துல நின்ன சோணைதான் விடாம, "அண்ணே, ஒரு மேட்சாவது வந்து பாப்பீங்களா?"ன்னு கேட்டான். மண்டிக்காரரு நோட்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு எந்திரிச்சாரு. "நீங்க ஆடுங்க மாப்ள, யாரு வேண்டாம்னா. பத்திரிகை அச்சுக்குப் போகுது, நான் அங்க போயி எழுத்து சரியா இருக்கான்னு பாக்கணும்."

பாக்கப்போனா ஒரு ஃபுட்பால் கிளப்பு எங்களுக்குச் சம்பாரிச்சுக் குடுத்தது இம்புட்டுத்தான்: மதுரையில எவன் செருப்பு அறுந்தாலும், அவன் பல்லைக் கடிச்ச நேரத்துல எங்க வீட்டுல சோத்துக்கு ஒலை கொதிச்சது.