சேற்றில் இறங்கிய ஆங்கிலம்

காலை ஆறரைக்குப் பொன்னேரியில் இருபத்தைந்து ரூபாய் டிக்கெட் எடுத்துப் பேருந்தில் உட்கார்ந்தேன். திருப்பாலைவனம் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளைப் பத்தே நிமிடத்தில் பார்த்து முடித்தேன். புரியாத எழுத்தின் முன்னால் அதற்குமேல் நிற்க எனக்குப் பொறுமை கிடையாது.

எட்டு மணிக்குத் தோணிரேவு படகுத்துறை. பூநாரை பார்க்கப் போகும் படகில், முன்னோர் கல்லறை தேடி வந்த டச்சுத் தம்பதியோடு எனக்கும் இருநூறு ரூபாய்க்கு இடம் கிடைத்தது. படகுக்காரர் ஏழுமலைக்கு அன்று பரீட்சை. மொழிபெயர்க்க ஆள் வைக்காமல் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போய்த் திரும்பினால் இந்தப் பருவத்துச் சவாரி முழுக்க அவருக்கே என்று சொல்லிவிட்டு, பயண ஏற்பாட்டாளர் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் ஆங்கில ஆசிரியர் என்றதும் ஏழுமலையின் முகம் சுருங்கியது.

"சார், தண்ணில இன்னா ஆனாலும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அப்பால, சார்தான் பேசினாருன்னு சொல்லிடுவாங்க."

மூன்று மாதம் மச்சானோடு வெறும் படகில் பழகினாராம். ஒருவர் 'கெட் இன்', 'சிட் டவுன்', 'ஹோல்ட் ஆன்' என்பார். மற்றவர் ஏற வேண்டும், உட்கார வேண்டும், விளிம்பை இறுகப் பிடிக்க வேண்டும். தப்பாகச் செய்தால் ஏரியில் தள்ளிவிடுவது. அதிகம் நனைந்தது மச்சான்தானாம்.

ஒன்பதேகாலுக்குப் படகு மணல்திட்டில் தட்டி நின்றது. உதவுகிற ஆசையில் டச்சுக்காரர் குதிக்க எழுந்தார். முழங்கால் தண்ணீர்தான்; ஆனால் சேற்றில் திருக்கைமீன் புதைந்து கிடக்கும், மிதித்தால் வாலால் குத்திவிடும். எனக்குப் பதறியது. ஏழுமலை சொன்னதை மறந்து வாயைத் திறந்தேன். காலைத் தூக்காமல் தேய்த்து நட என்பதற்கு ஆங்கிலம் வரவில்லை.

"ஹோல்ட் ஆன். சிட் டவுன்," என்றார் ஏழுமலை. மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை முதலில் தான் இறங்கி, பாதத்தைச் சேற்றோடு இழுத்துக் காட்டினார். "கெட் ஆஃப். ஸ்லோ. டோன்ட் பிக் அப் லெக். ஸ்லைட் அலாங்."

மூவரும் இறங்கித் தேய்த்து நடந்தோம். கலங்கிய தண்ணீரில் தட்டு அகலத் திருக்கை ஒன்று விலகி ஓடியது. 'புஷ் ஆஃப்' என்றார். தள்ளினோம், படகு மிதந்தது. 'கெட் பேக் இன்' என்றார், ஏறிக்கொண்டோம். அந்த அம்மாள் கைதட்டினார். நானும் வெட்கமில்லாமல் தட்டினேன்.

கரையில் ஏற்பாட்டாளர் என்னைத் தனியே அழைத்து, நான் எடுத்துக்கொடுத்தேனா என்று கேட்டார். எனக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார் என்றேன். பருவம் ஏழுமலைக்குக் கிடைத்தது.

மாணவர்களை உட்காரவைத்தே 'ஸ்டாண்ட் அப்' என்பதற்குப் பொருள் எழுதவைத்தவன் நான், இருபது வருடமாக. திங்கட்கிழமை முதல் பீரியடில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னேன்.