பாதிக் குரல்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், லுக்குட் பட்டணத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நின்ற கைத்தொலைபேசிக் கோபுரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அவற்றில் ஒன்று அக்காவின் லயத்து வீட்டுக்குப் பின்னால், பால்மரக் குன்றின் மேல் இருந்தது.

அந்தக் கோபுரத்தின் வழியாக ஒரே நேரத்தில் சிலர்தான் பேச முடியும். பண்டிகை நாளில் எல்லாரும் ஒன்றாக அழைத்தால் லைன் கிடைக்காது. அந்தத் தீபாவளிக்கு மேலிடம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒருவர் குரலுக்கான இடத்தில் இரண்டு பேர் குரலை அடக்குவது. அதற்காக ஒவ்வொரு குரலிலும் பாதியைக் கருவி கழித்துவிடும். சொல் புரியும். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம் அக்கா வீட்டில் இருந்தேன். மச்சான் லுக்குட்டில் சாமான் வாங்கப் போயிருந்தார். அங்கிருந்து என் கைத்தொலைபேசிக்கு அழைத்தார். அக்கா மாவுக் கையோடு அதைக் காதில் வைத்தாள். முகம் மாறிவிட்டது.

“யாரு பேசுறது? இல்ல, நீங்க வேற யாரோ.” தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். “தம்பி, இது அவரு இல்லடா.”

வாங்கிக் கேட்டேன். மச்சான்தான். “என்னா லா, உங்க அக்காவுக்குப் புருஷன் குரலே தெரியல” என்று சிரித்தார். சிரிப்பு அறுந்து அறுந்து வந்தது. “சின்னவளுக்கு எந்தக் கலர் கவுன் எடுக்கறது?”

அக்காவைக் கேட்டுச் சிவப்பு என்றேன்.

திரும்பி வரும்போது, தோட்டத்துச் சாலை பிரியும் இடத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளை லாரி ஒன்று மோதிவிட்டது. கவுன் மட்டும் கசங்காமல் வீட்டுக்கு வந்தது.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும் அக்கா கேட்டாள், “அன்னைக்குப் பேசுனது யாரு?”

கோபுரத்தில் செய்திருந்த மாற்றத்தைச் சொன்னேன். இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாதிய வெட்டிட்டாங்கன்னு சொல்றியே, அந்தப் பாதி எங்க போச்சு?”

“எங்கயும் போகலக்கா. அத யாரும் எடுத்து வைக்கிறதில்ல.”

அவள் நம்பவில்லை. தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை முடிந்ததும் குன்றேறி, கோபுரத்து வேலிக் கம்பியில் காதை ஒட்டி நிற்க ஆரம்பித்தாள். உள்ளே கருவிகளைக் குளிர்விக்கும் காற்றாடி ஓடுகிற சத்தம்தான். “அக்காவுக்கு ஏதோ பிடிச்சிருக்கு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ லா” என்று, ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் என்னிடம் சொன்னார். நான் தனியாக வேலை செய்கிற நாளில் எனக்கும் அந்தச் சத்தத்துக்குள் யாரோ முனகுவதுபோல் இருந்தது. கருவி அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

பிறகு கூடுதல் கருவிகள் வந்தன. குரல்களைக் குறைக்கும் ஏற்பாட்டை நிறுத்தினோம். அன்றும் அக்கா வேலியோரம் நின்றாள். அவள் கையில் ஒரு கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் போய் இன்னொன்றில் அழைத்தேன்.

“இப்ப கேளுக்கா. முழுசா கேக்குதா?”

“கேக்குது. உன் குரலேதான்.” அவள் மூச்சுவிடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. “அப்ப அவரக் கூப்பிடு, தம்பி. இப்ப பேசச் சொல்லு.”

அவள் நெடுநேரம் காத்திருந்தாள். பிறகு தொலைபேசியைப் புல்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதன்பின் குன்றுக்கு வரவில்லை. மீதி வாழ்நாள் முழுக்க எந்தத் தொலைபேசியையும் அவள் எடுத்ததில்லை.