இரண்டு சுவிட்சும் கோவிந்தம்மா நெல்லும்

நெட்வொர்க் வேலை என்பது ஓடும்போது யாரும் நினைக்காத, நின்றால் எல்லோரும் திட்டுகிற வேலை. இதில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மில்லில் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு தலை

பட்டுக்கோட்டை சாலையில் கூலிக்கு நெல் காயவைக்கும் மில். எடைமேடை அறையில் ஒரு நெட்வொர்க் சுவிட்ச், அதாவது மெஷின்களுக்குள் தகவல் கடத்தும் பெட்டி; டிரையர் அறையில் ஒன்று. கேபிள் போட்டு இரண்டையும் ஒன்றாக்கியிருந்தேன். எடைமேடையில் இருப்பது தலை. மற்றது அது சொன்னபடி கேட்கும்.

சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலியெல்லாம் மில்லுக்குத்தான் வரும். ஒன்று கேபிளைக் கடித்தது. தலை செத்துவிட்டதென்று நினைத்து டிரையர் சுவிட்ச் தானே தலையானது. உத்தரவு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் டிரையர் நின்றது. உள்ளே இருந்தது கோவிந்தம்மாவின் ஈர நெல். சூடேறி உள்ளே அரிசி மஞ்சளடித்துவிட்டது. குத்தகைச் சாகுபடி. மேட்டு வயல் நெல்தான் மிச்சம். அதுவும் போனால் அடுத்த பட்டத்துக்கு நிலம் கிடைக்காது.

மேனேஜர் சம்பந்தம் அவளிடம், "ரெண்டு சுவிட்சும் நான்தான் தலைன்னு நிக்குதும்மா" என்றார்.

"ரெண்டுக்கும் பரிவட்டம் கட்டி விடுங்க. என் நெல்லு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

ஒரே குழாய்

பிளவைக் கண்டுபிடிக்கத் தனிக் கேபிள் வேண்டும். பழைய கேபிள் அறுந்தாலும் இரண்டும் இதன் வழியே ஒன்றையொன்று பார்க்கும். நான் சொல்லி வைத்த சுவிட்ச் மட்டும் தலையாக நிற்கும். மற்றது தன் போர்ட்டுகளை, கேபிள் செருகும் வாய்களை, மூடிக்கொள்ளும்.

எலெக்ட்ரீஷியன் மாரிமுத்துவை இழுக்கச் சொன்னேன். போய்ப் பார்த்தால், பழைய கேபிளோடு சேர்த்து, ஒரே குழாயில், அழகாகக் கட்டி வைத்திருக்கிறான். பிடுங்கு, கூரை வழியாகச் சுற்றிக் கொண்டுபோ என்று கத்தினேன்.

சம்பந்தம் சிரித்தார். "பாவம் சார், எலிக்கு அலைச்சல் வேணாம்னு பார்த்திருக்கான்."

எதை மூடுவது

பிரிந்தால் டிரையர் பக்கம் மூடும். அப்படியானால் டிரையர் நின்றுவிடுமே? அதை இயக்கும் இரண்டு போர்ட்டுகளை மட்டும் மூடாதே என்று எழுதி வைக்கலாம். ஆனால் டிரையருக்கு உத்தரவு போடும் கம்ப்யூட்டரும் அதே பக்கம் இருக்க வேண்டும். அது இருந்ததோ சம்பந்தத்தின் ஏசி அறையில். தூசி படும், தர மாட்டேன் என்றார்.

டிரையர் பார்க்கும் ஷகிலா வந்தாள். "நெல்லு இங்க வேகுது. அதுக்கு உத்தரவு போடறது மட்டும் உங்க ஏசி ரூம்லயா சார்?"

கம்ப்யூட்டர் இடம் மாறியது. ஒரு முக்காலியும் கேட்டாள். "தூசி பட்டா நான் தொடைக்கிறேன். நீங்க வேணா வந்து உக்காருங்க."

மழை இருட்டிய மதியம்

மேட்டு வயல் நெல் டிரையரில் ஏறிய அன்று, லோடர் வண்டி குழாயை இடித்துப் பழைய கேபிளை அறுத்தது. போன் வந்ததும் தஞ்சாவூரிலிருந்து ஓடினேன். கிழக்கே வானம் கறுத்துவிட்டது. மில் கேட் அருகே வண்டியை நிறுத்திக் காது கொடுத்தேன். டிரையர் விசிறிச் சத்தம் கேட்டது. உள்ளே போனால் ஒரே தலை. எடைமேடை எடை போட்டுக்கொண்டிருந்தது.

"கேபிளை மாட்டுங்க சார்!" சம்பந்தம் குதித்தார்.

மாட்ட மாட்டேன் என்றேன். மாட்டினால் மூடிய சுவிட்ச் அணைந்து எழுந்துதான் மறுபடி சேரும். அதற்குள் டிரையர் நின்றால்? அவர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்னைத் திட்டினார். புதுக் கேபிளைக் கையில் பிடித்தபடி நின்றேன். கோவிந்தம்மா டிரையரை விட்டு நகரவில்லை. என்மேலிருந்தும் கண்ணை எடுக்கவில்லை. மழை தகரத்தில் இறங்கியது. விசிறி நிற்கவில்லை.

நெல் இறங்கியது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். நறுக்கென்றது. பிறகுதான் கேபிளை மாட்டினேன்.

"நல்லா காஞ்சிருக்கு. ஆமா, இவ்வளவு நேரம் சும்மாவே நின்னீங்களே, உங்களை எதுக்குங்க கூப்பிட்டாங்க?"

இத்தனை வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.