சிவப்பு விளக்கும் ஏழாம் பிரிவும்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை. எல்லோருக்கும் அவள் திருகாணி அக்கா. வேலை செய்யும்போது கழற்றிய திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் "ம்" தான் பதில். நகல் எடுக்கும் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே ஓர் அறை அவளுடையது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான். மிக்ஸி, மின்விசிறி என்று தொடங்கியவள், விபத்தில் தம்பியின் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலிகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். பத்து வருடமாக எந்த மின்சார நாற்காலியும் அவளிடம் வாலாட்டியதில்லை.

போன மாதம் ஒன்று வாலாட்டியது. கணக்கு டீச்சருடைய நாற்காலி. பேட்டரி செத்திருந்தது, அதே அளவில், அதே தரத்தில் புதுசு போட்டாள். பொத்தானை அழுத்தினால் மூன்று முறை கீச்சிட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். ஓர் அங்குலம் நகரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"வெளி ஆள் பேட்டரி மாத்தினா வண்டி தானா பூட்டிக்கும் மேடம். திறக்கிற கோட் எங்க ஆளுங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. அனுப்பி வைங்க, நாப்பது நாள் ஆகும்."

"நாப்பது நாளா? அவங்களுக்கு அது நாற்காலி இல்ல தம்பி, கால்! கழட்டி பார்சல் பண்ணச் சொல்றீங்களா?"

மறுமுனையில் காத்திருப்புப் பாட்டு ஓடத் தொடங்கியது.

டீச்சர் கட்டிலில் சாய்ந்தபடி போனிலேயே பாடம் நடத்தினார். பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, அவரே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"அக்கா, செய்தி பாத்தீங்களா? பழுது பார்க்கும் உரிமைச் சட்டம்! திங்கக்கிழமையிலேருந்து அமல். உதிரி பாகம், பூட்டைத் திறக்கிற கோட், எல்லாத்தையும் கம்பெனி கொடுத்தே ஆகணுமாம்!"

"என்னது!" என்று கத்தியதில் உதட்டிலிருந்த திருகாணி எங்கேயோ தெறித்து விழுந்தது. "யாருக்குக் கொடுக்கணும்? அவங்க ஆளுக்குத்தானே?"

"இல்லக்கா. ஏழாம் பிரிவு, கேளுங்க. 'பொருளின் உரிமையாளருக்கும், பழுது பார்ப்பதைத் தொழிலாகச் செய்யும் எவருக்கும்.' எவருக்கும்னா நீங்கதான்!"

அன்று சாயங்காலம் இருவரும் டீச்சரின் கட்டிலில் உட்கார்ந்து சட்டத்தின் பத்தொன்பது பக்கத்தையும் படித்தார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். பாதியிலேயே முகம் மலர்ந்துவிட்டது. "சட்டம்னா வக்கீல் பாஷைன்னு பயந்தேன் டீச்சர். இது ஒயரிங் மாதிரியேதான் இருக்கு. இங்க கிளம்பினது எங்க போய்ச் சேருதுன்னு புடிச்சுட்டா போதும்!"

திங்கட்கிழமை கம்பெனி அலுவலகம் திறக்கும்போதே வாசலில் நின்றாள். டை கட்டிய அதிகாரி அவளது விண்ணப்பத்தை விரல் நுனியால் தள்ளினார். "நீங்க எங்க அங்கீகாரம் வாங்கின ஆள் இல்லையேம்மா."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று மனசுக்குள் முணுமுணுத்தாள். கையோடு கொண்டுவந்த சட்டத் தாளை விரித்து வைத்தாள்.

"சார், ஏழாம் பிரிவுல 'அங்கீகாரம்'னு ஒரு வார்த்தை இருந்தா காட்டுங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன்."

அவர் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். "ஆமா சார், எவருக்கும்னுதான் போட்டிருக்கு... இல்ல சார், அவங்க போற மாதிரி தெரியல."

ஒன்றரை மணி நேரம் கழித்து அவரே எழுந்து வந்தார். சிரித்துவிட்டார். "மேடம், இந்த ஊர்ல நீங்கதான் முதல் ஆள். எப்படிக் கொடுக்கிறதுன்னே எங்களுக்குத் தெரியல!" கையில் பன்னிரண்டு இலக்கம் அச்சடித்த காகிதம்.

அங்கிருந்து டீச்சர் வீடு வரைக்கும் அவள் கால் தரையில் பட்டதா என்றே தெரியாது. டீச்சர் இலக்கங்களை வாசிக்க வாசிக்க, அவள் நாற்காலிப் பொத்தான்களில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். கடைசி இலக்கம். ஒரே ஒரு கீச். பச்சை!

டீச்சர் ஏறி உட்கார்ந்து, அறையை இரண்டு சுற்று சுற்றி, அலமாரியில் இடித்தார்.

"டீச்சர், மெதுவா!"

"மெதுவாவா? பதினாறு நாளாச்சுக்கா!"

அப்படியே பள்ளிக்கூடத்துக்கு விட்டார் வண்டியை. இவள் பின்னாலேயே ஓடினாள். வகுப்பு வாசலில் அவரைக் கண்டதும் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வெளியே ஓடி வந்தார். "உக்காருங்க. எண்பத்திநாலாம் பக்கம்," என்றார் டீச்சர். குரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் திருகாணி அக்காவின் வாசலில் ஏழு நாற்காலிகள் சேர்ந்துவிட்டன. தையற்காரர் முறைத்துப் பார்த்துவிட்டு, தன் கடை முன் இடத்தில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். ஒரு நாற்காலிக்குக் கம்பெனியிடம் மோட்டார் கேட்டிருக்கிறாள். பத்து நாளுக்குள் தர வேண்டும் என்கிறது பதினோராம் பிரிவு. இன்றோடு பத்து முடிகிறது. புகார் மனுவை அவளே எழுதி வைத்துவிட்டாள், டீச்சர் திருத்தியது இரண்டே எழுத்துப்பிழை.