சிவசாமியின் ஜாதகப் பெட்டி

மலாக்கா பக்கம் செலண்டாரில் என் சாவிக்கடைக்கு அடுத்த கடை சிவசாமியுடையது. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நுழைந்தால் முட்டியில் இடிக்கும் அளவுக்குப் பழைய கம்ப்யூட்டர்கள். பள்ளிக்கூடமும் ஆபீசும் லோரியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்புவதை இந்த மனுஷன் வழிமறித்து வாங்கி வருவான். "உசிரு இருக்கு மச்சான், வேலதான் இல்ல," என்பான். அவற்றுக்கு வேலை தேடிக் கொடுப்பதே அவன் பிழைப்பு.

கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கோயிலில் விடியற்காலையில் பாட்டுப் போடுவது அவன் கொடுத்த பெட்டிதான். பூசாரி தூங்கிப் போனாலும் அது தூங்காது. லோரி கம்பெனியில் கார்பன் வைத்து பில் அடிக்கும் பழைய பிரிண்டரைப் புது மெஷின் கண்டுகொள்ளவே இல்லை. சிவசாமியின் கிழட்டு மெஷினைத்தான் கொண்டுபோய் மாட்டினார்கள். இதையெல்லாம் யாரும் திருட மாட்டார்கள் என்று வேறு பெருமையடிப்பான். திருட யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

அவனுடைய செல்லப்பிள்ளை மேசைமேல் இருந்த ஒரு விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. அதில் மெட்ராசிலிருந்து யாரோ கொண்டுவந்த ஜாதக சாஃப்ட்வேர் இருந்தது. தமிழ்நாட்டு நேரத்துக்காகச் செய்தது. சிவசாமி அதோடு மல்லுக்கட்டி, மலாக்கா ஊர்களையெல்லாம் சேர்த்து, நம் மலேசிய நேரம் லண்டனுக்கு எட்டு மணி முன்னால் என்று அதில் பூட்டி வைத்தான். எஸ்டேட் சனங்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். பெண் பார்க்கக் கிளம்பும் முன் சிவசாமி பெட்டியில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கமாகவே ஆகிவிட்டது. கம்ப்யூட்டரே சொன்னபிறகு எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்?

அவன் தங்கை பவானேஸ்வரி, பள்ளிக்கூட கேண்டீனில் சமைப்பவள். அவளுக்கு இருபத்தாறு வயதானபோது உம்பாய் ஊரிலிருந்து வீரப்பன் பெண் கேட்டு வந்தான். மீன்கடை வைத்திருந்தவன், சிரித்த முகம். அவளுக்கும் பிடித்திருந்தது, மறைக்கத் தெரியாத பெண் அவள். பெட்டியில் போட்டதில் அவளுக்குச் செவ்வாய் தோஷம், அவனுக்கு இல்லை. கட்டினால் புருஷனுக்கு ஆகாது என்று சிவசாமியே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினான். பேச்சு பரவியது. பிறகு வந்தவர்கள் தோஷம் என்ற சொல்லைக் கேட்டதும் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். சிவசாமியின் மனைவி இறந்தபின் அவன் மகள் ஷாமினியை வளர்த்து ஆளாக்கியது இந்த அத்தைதான். இப்போது பவானேஸ்வரிக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. வீரப்பன் வேறு இடத்தில் கட்டி, பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறான்.

போன மாதம் ஷாமினிக்கு ஒரு வரன் வந்தது. மதியம் போல் போனும் கையுமாகக் கடைக்கு வந்தாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். போனில் இருக்கும் ஜாதகமும் அப்பா பெட்டியும் ஒன்றுதானா என்று பார்க்க அவளுக்கு ஆசை. அவள் ஜாதகம் இரண்டிலும் ஒரே மாதிரி வந்தது. சிவசாமிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா? கெழவன்னு நெனச்சியா இத?"

"அத்தையோடதும் போடுங்கப்பா. சும்மா லா."

போட்டான். செவ்வாய் பன்னிரண்டில் என்றது பெட்டி. பதினொன்றில் என்றது போன். பதினொன்றில் இருந்தால் தோஷமே கிடையாது.

"போனு தப்பு," என்றான் சிவசாமி.

ஷாமினி போனை நெருங்கிப் பார்த்தாள். "இல்லப்பா. நீங்க எட்டுன்னு வச்சிருக்கீங்க, இது ஏழரன்னு போட்டிருக்கு. எண்பத்திரண்டுக்கு முன்னால நம்ம நாட்டு டைம் வேறயாம். அத்த அதுக்கு முன்னாடி பொறந்தவங்கதானே?"

சிவசாமி போனை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாத விஷயமா? அந்தப் புது வருஷத்தில் நாடே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. எஸ்டேட் வீட்டில் அவன் அப்பா நாற்காலியில் ஏறி முள்ளைத் திருப்ப, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவனே இவன்தான். தூக்கத்தில் அரை மணி போச்சே என்று நாங்கள் எல்லோரும் புலம்பினோம். புலம்பிய ஒருவனுக்காவது பெட்டி முன்னால் உட்கார்ந்தபோது அது ஞாபகம் வந்ததா? எனக்கும்தான் வரவில்லை.

அரை மணியைக் கூட்டி மறுபடியும் போட்டான். லக்னம் ஒரு கட்டம் நகர்ந்தது, செவ்வாய் பதினொன்றாகிவிட்டது. எத்தனையோ வீட்டுப் பெண்கள் தோஷம் என்று கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இந்தக் கடையை விட்டு இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து பவானேஸ்வரி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். ஷாமினிக்கு வாய் நிற்கவில்லை. "அத்த, ஒங்களுக்குத் தோஷமே இல்ல! டைம் தப்பா போட்டுட்டாங்க!" என்று சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது உறைத்ததும் வாசலில் போய் நின்று அழுதாள்.

பவானேஸ்வரி தூக்கை மேசையில் வைத்தாள்.

"அப்ப உம்பாய்க்காரங்களோடதும் போட்டுப் பாருண்ணே," என்றாள்.

வீரப்பனின் விவரம் பெட்டியிலேயே இருந்தது. சிவசாமி இரண்டு பேருக்கும் நேரத்தைத் திருத்திப் பொருத்தம் பார்க்கச் சொன்னான். அவள் மேசைக்கு அந்தப் பக்கம், அந்தப் பெரிய மானிட்டரின் முதுகைப் பார்த்தபடி நின்றாள். நான் சிவசாமிக்குப் பின்னால் நின்றேன். வரிசையாக வந்தது. எல்லாம் நல்ல பொருத்தம். தாலி பாக்கியம் சொல்லும் ரஜ்ஜுப் பொருத்தம் மற்றதைவிட நன்றாக இருந்தது.

சிவசாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரஜ்ஜு தட்டுதும்மா," என்றான். "தோஷம் இல்லாட்டியும் இது நடந்திருக்காது."

என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது?

பவானேஸ்வரி மூச்சை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தூக்கைத் திறந்தாள். அண்ணனுக்குச் சோறு போட்டாள், மீன்துண்டைத் தேடி எடுத்து வைத்தாள்.

"நான்கூட ஒரு நிமிசம் பயந்துட்டேன்ணே," என்றாள், "நடந்திருக்குமோன்னு."