குப்பையில்லா வீட்டுக்காரி

ஒவ்வொரு மூடியாகத் திருகுகிறாள். புஸ் என்று காற்று வெளியே வந்ததும் இறுக்கி மூடிவிட்டு அடுத்த ஜாடிக்குப் போகிறாள். பால்கனி ஓரமாக வரிசை கட்டி நிற்கும் கண்ணாடி ஜாடிகளில் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் சர்க்கரைத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கின்றன. மூன்று மாதம் ஊறினால் பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் ஆகிற புளித்த தண்ணீர் கிடைக்கும். ஆனால் ஊறும்போதே உள்ளே காற்று சேரும். தினமும் திறந்துவிடாவிட்டால் மூடி உப்பிக்கொண்டு வரும். ஆகவே காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் அவளுக்கு இந்த வேலை. ஏதாவது ஒரு மூடி திறக்காமல் அடம்பிடித்தால், "உனக்குக்கூட என்னைக் கண்டா இளக்காரமாப் போச்சு, இல்ல?" என்று அதனிடம் கேட்பாள்.

வாசல் கதவில் 'குப்பையில்லா வீடு' என்று ஒரு பலகை தொங்குகிறது. அவள் கணவர் பழைய மேசை ஒன்றை உடைத்து, தன் கையாலேயே தேய்த்து, எழுதி மாட்டியது. மேசையை உடைத்தபோது சிதறிய தூளையும் ஆணிகளையும் பொறுக்கியது யார் என்று பலகையில் எழுதவில்லை. வீட்டில் குப்பை இல்லை என்பது உண்மைதான். குப்பைக்கூடையே இல்லை. கூடை இருந்தால் போடத் தோன்றும் என்று அவர் அதை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து காய்த்தோல், மாத்திரை அட்டை, தலைமுடி, அறுந்த நூல் என்று வீட்டில் மிஞ்சுகிற எல்லாமே அவள் கைக்கு வந்து சேர்கிறது. அவள்தான் பிரித்து, கழுவி, காயவைத்து, இடம் பார்த்து வைக்கிறாள்.

அவர் காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பூமியைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பூமி நன்றாக இருக்கட்டும். அதை எதற்காகப் பெண்டாட்டியின் இடுப்பில் தூக்கி வைத்தார் என்பதுதான் கேள்வி. முதலில் சலவை மெஷினை விற்றார். மின்சாரம் மிச்சம், தண்ணீர் மிச்சம். பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு போயிற்று. அப்புறம் தரை துடைக்கும் குச்சி போயிற்று, அதன் தலை பிளாஸ்டிக்காம். துணி அலசிய தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு போய்ச் செடிகளுக்கு ஊற்ற வேண்டும். மட்குத் தொட்டியைக் கிளறிவிட வேண்டும். முடிவெடுப்பது அவர் வேலை. அந்த முடிவை ஊறவைத்து, தோய்த்து, அலசி, பிழிந்து உலர்த்துவது இவள் வேலை. குடியிருப்பில் அவரைப் 'பசுமை சார்' என்கிறார்கள். இவள் 'பசுமை சார் வீட்டம்மா'.

அவள் ஊதாரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து வேலைக்கு நடந்தேதான் போகிறாள். பழைய தலையணை உறையை வெட்டிக் கண்ணாடி துடைக்கும் துணியாக்கி, அது நைந்ததும் கைப்பிடித் துணியாக்கி, அதுவும் கிழிந்த பிறகு சைக்கிள் துடைக்கக் கொடுப்பவள். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவளுக்குத் தூக்கம் வராது. "இதுக்கெல்லாம் போய் யாராவது போர்டு மாட்டுவாங்களா?" என்பாள்.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் 'லென்ஸக்கா'. முன்னால் கண்ணாடி அலமாரிகளும் சுழலும் நாற்காலியும் பளபளக்கும். ஒரு திரைக்குப் பின்னால், சின்ன ஜன்னலுக்கு அடியில் அவள் மெஷின். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்ப்பது அவள் தொழில். மெஷின் தேய்த்துக் கொடுத்த பிறகு ஓரத்தை விரல் நுனியால் ஒரு தடவை சுற்றி வருவாள். எங்கே துளி கூடுதல், எங்கே துளி குறைச்சல் என்று விரல் சொல்லிவிடும். ஃபிரேமை மாட்டும்போது எள்ளளவு ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொள்வாள். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. எடுபிடியிலிருந்து முதலாளி வரைக்கும் அது தெரிந்து காத்திருப்பார்கள். வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குச் சம்மதம் என்று பெயர். கடையில் அதற்கு வேலை என்று பெயர்.

பசுமை சாரின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியும் அவள் தேய்த்துக் கொடுத்ததுதான். பிளாஸ்டிக் லென்ஸ், பிளாஸ்டிக் ஃபிரேம். அதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. அதன் வழியாகத்தான் மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்.

மெஷினில் எந்நேரமும் தண்ணீர் ஓடும். இத்தனை வருஷமாக அந்தத் தண்ணீர் அவள் கையை ஒன்றும் செய்ததில்லை. வீட்டில் புளித்த தண்ணீர் வந்து ஒரு வருஷத்துக்குள் விரல் நுனிகள் வெடிக்கத் தொடங்கின. முதலில் கட்டை விரல், அப்புறம் ஆள்காட்டி விரல். இரவில் எண்ணெய் தடவிக்கொண்டாள். காலையில் மறுபடி பாத்திரம், மறுபடி துணி, மறுபடி அந்தப் புளிப்பு. ஒரு திங்கட்கிழமை, கண்ணாடி வாங்க வந்த ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி, ஓரத்தைக் காட்டி, "இது என்ன சிவப்பா இருக்கு?" என்று கேட்டார். ரத்தம்.

முதலாளி நல்ல மனிதர். அவளைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டு, தணிந்த குரலில்தான் சொன்னார். "அக்கா, இந்த வாரம் கையைப் பாத்துக்குங்க. அடுத்த திங்கக்கிழமை எனக்குக் காட்டுங்க. ஆறலேன்னா கொஞ்ச நாள் கவுன்டர்ல உக்காருங்க. மெஷினுக்கு வேற ஆளைப் போட்டுடறேன். தப்பா எடுத்துக்காதீங்க." கவுன்டரில் உட்காருவது என்றால் கண்ணாடிக் கூடு விற்பது, ஃபிரேமுக்குத் தூசி தட்டுவது. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது விரல்களை முன்றானைக்குள் சுருட்டிக்கொண்டே நடந்தாள்.

வழியிலேயே தோல் டாக்டரைப் பார்த்தாள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார். மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்ததும் பசுமை சாருக்கு மூச்சு நின்றுபோயிற்று.

"ரப்பரா? இந்த வீட்டுலயா? அது மண்ணுக்குள்ள போனா எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது. தெரியுமில்ல?"

"கையுறை மக்காதுதாங்க. என் கை மக்கிட்டு இருக்கே."

"எண்ணெய் தடவு. எல்லாத்துக்கும் இயற்கையிலயே வழி இருக்கு."

"அந்த இயற்கையில நீங்களும் ஒரு வழிதானே. நாலு பாத்திரம் துலக்கினா என்ன?"

அவர் சிரித்தார். எனக்கு எங்கே அதெல்லாம் சுத்தமாக வரும் என்று ஒரு சிரிப்பு. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள். "அந்த ஜாடி மூடியையாவது இனிமே நீங்க திறங்க. புளிப்பு பீச்சியடிச்சா விரல் எரியுது. தினமும் திறக்கணும், மறந்துடாதீங்க."

"இது என்ன பெரிய வித்தையா? நான் பாத்துக்கறேன்."

கையுறையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் மாலையில் நடக்கக் கிளம்பியதும் எடுத்துப் போட்டுக்கொண்டு, பாத்திரம், துணி எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி பாத்திரம் துலக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே கேவலமாக இருந்தது. ஆனால் வார முடிவில் வெடிப்புகள் வாய் மூடத் தொடங்கின. புதிய தோல் மெல்லிசாக, இளஞ்சிவப்பாக வந்திருந்தது. சனிக்கிழமை கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு லென்ஸின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்பு ஆட்கள் குப்பையில்லா வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பசுமை சார் வெள்ளைச் சட்டை போட்டு, கூடத்தில் இரண்டு மேசை போட்டிருந்தார். அவள் துடைத்துவைத்த ஜாடிகள் ஒரு மேசையில். இன்னொன்றில் 'எதிரிகள்' என்று அட்டை வைத்து, பிளாஸ்டிக் பை, உறிஞ்சு குழல், தெர்மாகோல் தட்டு. ஜாடிகளைத் தூக்கி வைக்கும்போதே அவள் பார்த்தாள்: மூடிகள் நடுவில் உப்பி நின்றன. வாரம் முழுக்க ஒரு நாள்கூட அவர் திறக்கவில்லை.

"மூடியெல்லாம் உப்பியிருக்குங்க. பால்கனியில வச்சு மெதுவாத் திறந்துடுங்க."

"எனக்குத் தெரியாதா? நீ போய் நாற்காலியைத் துடை."

அவள் துடைத்தாள். எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். எதிர் வீட்டு அக்கா முன் வரிசையில், மூக்கிலிருந்து நழுவுகிற கண்ணாடியை வழக்கம்போல் விரலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பசுமை சார் பேசப் பேச, அவர் அலுவலகக் குரல் திரும்பி வந்தது. நாங்கள் சோப்பு வாங்குவதில்லை என்றார். நாங்கள் துணியைக் கையால்தான் துவைக்கிறோம் என்றார். நாங்கள் ஒரு வாளித் தண்ணீரை மூன்று முறை பயன்படுத்துகிறோம் என்றார். அந்த 'நாங்கள்' ஒவ்வொன்றுக்கும் சமையலறை வாசலில் நின்ற அவளுக்குக் காது சுட்டது.

அடுத்து எதிரிகள் மேசைக்குப் போனார். தட்டுக்கு அடியிலிருந்து மஞ்சளாக எதையோ உருவினார். அவளுடைய கையுறை. எப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாரோ.

"வெளியில இருக்கற எதிரியைச் சமாளிச்சுடலாம். இது எங்க வீட்டுக்குள்ளயே பதுங்கியிருந்தது. யார் கொண்டு வந்தாங்கன்னு நான் சொல்லமாட்டேன்" என்று சமையலறைப் பக்கம் பார்த்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. எதிர் வீட்டு அக்காவும் சிரித்துவிட்டு, இவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை.

"இப்ப இயற்கை நமக்குக் கொடுத்த சோப்பைப் பாருங்க" என்று பசுமை சார் பெரிய ஜாடியை மார்போடு அணைத்து, மூடியை ஒரே திருகாகத் திருகினார்.

மூடி அவர் கையிலிருந்து பறந்து கூரையில் அடித்தது. பின்னாலேயே ஒரு வாரத்துப் புளிப்பு மொத்தமும் கிளம்பியது. கூரை, சுவர், வெள்ளைச் சட்டை, முன் வரிசை, ஒன்றையும் விடவில்லை. ஒரு ஆரஞ்சுத் தோல் மின்விசிறி இறக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. நெடி மட்டும் கண்ணைக் கரித்தது. பசுமை சார் ஜாடியைக் கீழே வைத்தார். முகத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்வதற்கு முன்னாலேயே அவர் வாயில் வந்தது, "ஏம்மா, ஒரு துணி கொண்டா. சீக்கிரம் துடை, தரையில கறை பிடிச்சுடப்போகுது."

எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவளும் தரையைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை. இந்தக் கூடத்தைத் துடைத்து முடித்தால் அந்த இளந்தோல் ஒன்றும் மிஞ்சாது.

உள்ளே போனாள். வாளியில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் கொண்டுவந்தாள். அவர் காலடியில் வைத்தாள். எதிரிகள் மேசைக்குப் போய், மஞ்சள் கையுறையை எடுத்துவந்து வாளி விளிம்பில் தொங்கவிட்டாள்.

"கை புண்ணாயிடும். போட்டுக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. பசுமை சார் கையுறையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். புளிப்பு அவர் காலைச் சுற்றிக் குளமாகிக்கொண்டிருந்தது. அவள் எதிர் வீட்டு அக்கா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்காவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைத்தாள். பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்கிய தன் கைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். கண்ணாடிக் காலோரத்து ஸ்க்ரூவைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டு, கீலை வெளிச்சத்தில் பிடித்து நிமிர்த்தினாள்.

பின்னால் பசுமை சார் மண்டியிடும் சத்தம் கேட்டது. கையுறையை எடுத்து, வலது கைக்கு உரியதை இடது கையில் நுழைக்கப் பார்த்தார். கட்டை விரல் போகவில்லை. இழுத்தார், உதறினார், மறுபடியும் அதே கையில் நுழைத்தார். "ஏம்மா, இது எப்படி?" என்றார்.

அவள் திரும்பவில்லை. உதட்டில் ஸ்க்ரூ இருந்தது.