துரை பார்த்த நத்தைப் படம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கைவிரிப்புகளை அவள் மடித்து அடுக்கினால் ஓரத்தோடு ஓரம் ஒட்டி நிற்கும். நர்சுகள் மற்றவர்களின் அடுக்கைத் தள்ளிவிட்டு அவள் அடுக்கிலிருந்துதான் உருவுவார்கள். இத்தனை பேர் மெச்சுகிற அந்தக் கைக்கு அடங்காத ஒரே ஆள் அவள் பெற்ற பிள்ளைதான்.

பிள்ளை என்றால் அவளைவிட ஒரு தலை உயரம். மீசை வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. பசித்தால் தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைப்பான். தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பான். நேற்று நடந்ததுபோலவே இன்றும் எல்லாம் நடக்க வேண்டும். நீலச் சொம்பு இருந்த இடத்தில் பச்சைச் சொம்பு இருந்துவிட்டால் போதும், வீடு இரண்டாகிவிடும். அந்த அதிகாரத்தைப் பார்த்துத்தான் அவன் சித்தி அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தாள். அக்கா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அவனைப் பார்த்துக்கொள்வது அவள்தான். துரையின் அப்பா போன வழி போகட்டும். அந்த ஆளுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

சாயங்காலம் ஆனால் துரைக்கு ஒரு படம் வேண்டும். குழந்தைகளின் பொம்மைப் படம், ஒரே படம், தினமும் அதே படம். ஒரு நத்தை ரயில் ஏறக் கிளம்புகிறது. படம் முழுக்க ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் ஸ்டேஷன் வந்து சேர்கிறது. இதற்குள் நாம் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று சித்தி அலுத்துக்கொள்வாள். ஆனால் ரயில் கூவும்போது துரை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிரிப்பான். அதன் பிறகுதான் சாப்பாடு, அதன் பிறகுதான் தூக்கம். அந்தப் படம் ஓடுகிற நேரத்தில்தான் மடிப்பக்கா குளிப்பாள், சமைப்பாள், ஒரு வாய் காப்பியை உட்கார்ந்து குடிப்பாள்.

முதலில் அது சிடியாகத்தான் வீட்டுக்கு வந்தது. சிடியை முகர்ந்து பார்த்துவிட்டுத் துரையே இயந்திரத்துக்குள் தள்ளுவான். வேறு யாராவது தள்ளினால் அவன் பார்க்கமாட்டான். ஓட்டி ஓட்டிச் சிடி கீறல் விழுந்து, நத்தை பாலத்தின் மேல் போகிற இடத்தில் படம் நிற்க ஆரம்பித்தது. நத்தை நின்றால் துரை சுவரில் தலையை மோதுவான். துணியால் துடைத்தாள், பற்பசை தேய்த்தாள், பலன் இல்லை. அப்படி மோதி மோதித்தான் இடது கண் போயிற்று. கண்ணுக்கு உள்ளே இருக்கும் படலம் கிழிந்துவிட்டது என்றார் கண் டாக்டர். வலது கண்ணிலும் படலம் பலவீனமாகத்தான் இருக்கிறது, இனி தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சொல்வது அவருக்குச் சுலபம்.

இந்தக் காலத்தில் யாராவது சிடி போடுவார்களா, ஆன்லைனில் போட்டால் கீறலும் இல்லை, நிற்கவும் நிற்காது என்று சலவைக்கூடமே அவளுக்குப் புத்தி சொன்னது. நல்ல புத்திதான். ஆனால் துரை ஒப்ப வேண்டுமே. டிவியில் ஆன்லைன் கம்பெனிக்காரன் படம் ஓட ஓட இவன் சிடியைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பான்.

கடைசியில் வழி சொன்னது துரையின் பயிற்சி டீச்சர். அவனுக்கு டீச்சர் ஏற்கெனவே ஒரு பழக்கம் பழக்கியிருந்தார். எது உபயோகம் முடிந்து போனாலும் அவனே அதை எடுத்துப்போய் அடுக்களையில் இருக்கும் சிவப்பு வாளியில் போட வேண்டும். போட்டதும் கை தட்ட வேண்டும். மற்றவர்களும் கை தட்டி, முடிஞ்சாச்சு, சபாஷ் என்று சொல்ல வேண்டும். கிழிந்த சட்டை, ஓட்டை விழுந்த பந்து, காலி சோப்பு டப்பா எல்லாம் அப்படித்தான் அவன் வாழ்க்கையை விட்டுப் போயின. வாளிக்குள் போனதை அவன் மறுபடி கேட்டதே கிடையாது. சிடியையும் அப்படியே செய்யுங்கள் என்றார் டீச்சர். பல மாதம் பாடுபட்டாள். ஒரு நாள் துரை தன் கையாலேயே சிடியை மடக்கி இரண்டாக உடைத்து, வாளியில் போட்டு, கை தட்டினான். அக்காவும் தங்கையும் சபாஷ் சபாஷ் என்று சொல்லிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். பழைய சிடி இயந்திரம் டிவிக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடந்தது.

அதற்குப் பிறகு நல்ல காலம். நத்தை பாலத்தின் மேல் நிற்காமல் போயிற்று. பஸ்ஸில் போகும்போது வேண்டுமே என்று போனிலும் டவுன்லோடு செய்து வைத்தாள். டவுன்லோடு செய்துவிட்டால் அது நம்முடையது என்று யாரும் நினைப்பதைத்தானே அவளும் நினைத்தாள்.

ஒரு சாயங்காலம் டிவியைப் போட்டால் நத்தை இல்லை. தேடிப் பார்த்தாள், பெயர் மட்டும் வந்தது, படம் வரவில்லை. போனை எடுத்தாள். அதில் நத்தையின் முகம் சாம்பல் நிறமாகி, இந்தப் படம் இப்போது கிடைக்காது என்று ஒரு வரி நின்றது. சொந்தப் போனுக்குள் இருந்ததை, கேட்காமல் கொள்ளாமல் எவனோ உருவிக்கொண்டு போய்விட்டான். கதவை உடைத்துப் போனால் திருட்டு என்போம், இதற்கு என்ன பெயரோ. பின்னால் துரை பாயில் உட்கார்ந்து கைகளை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டம் வேகமாயிற்று. முதல் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப்போய்ச் சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவே தன் உள்ளங்கையை வைத்தாள்.

கம்பெனிக்கு எழுதினாள். உரிமைக் காலம் முடிந்துவிட்டது, வருந்துகிறோம், உங்களுக்குப் பிடிக்கக்கூடிய வேறு படங்கள் இதோ என்று பல்லைக் காட்டிக்கொண்டு பதில் வந்தது. சித்தியின் வீட்டுக்காரர் ஏதோ ஒரு திருட்டுத் தளத்தில் பிடித்து இறக்கிக் கொடுத்தார். நத்தை அதே நத்தைதான், குரல் வேறு. முதல் வார்த்தையிலேயே துரை எழுந்து சுவரைப் பார்த்துப் போய்விட்டான். சுவர் முழுக்கத் தலையணை கட்டினார்கள், அவன் தரைக்கு மாறினான். மடிப்பக்காவின் விரல்கள் வீங்கி, சலவைக்கூடத்தில் முதல்முறையாக அவள் அடுக்கு கோணலாகச் சரிந்தது.

"அக்கா, இவன் கண்ணைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கான்" என்று சித்தி சொன்ன அன்று, அவனை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இன்னும் கிழியவில்லை, ஆனால் ஓரத்தில் இழுக்கிறது, மோதுவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்றார் கண் டாக்டர். அந்தக் கண்ணும் போனால் படமே கிடைத்தாலும் எதைக் கொண்டு பார்ப்பான்? அப்போதுதான் பழைய சிடி ஞாபகம் வந்தது.

அந்தச் சிடியை விற்ற கடைக்காரர் இப்போது அதே கடையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். சிடியா என்று முதலில் சிரித்தார். இருந்ததை எல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுவிட்டாராம். அவள் நகராமல் நின்றதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு நெற்றியைத் தேய்த்தார். குழந்தைப் படங்கள் மட்டும் ஒரு பெட்டி, கடை வீதி முனையில் இருக்கும் பல் டாக்டர் வாங்கிப் போனார், காத்திருக்கும் பிள்ளைகள் அழாமல் இருக்கப் போட்டுக் காட்டுவார் என்றார்.

பல் டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். வரவேற்பில் இருந்த பெண் பெட்டியைத் திறந்து காட்டினாள். அடியில், உறை மஞ்சளித்துப்போய், நத்தை இருந்தது. அதே படம், அதே சிடி கம்பெனி, அதே குரல். ஒரு கீறல் இல்லை. டாக்டர் எதையும் வெளியே கொடுக்கமாட்டார் என்று அந்தப் பெண் இழுத்தாள்.

"இதுக்குள்ளதாம்மா என் பையனோட கண்ணு இருக்கு" என்றாள் மடிப்பக்கா.

அந்தப் பெண், டாக்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சிடியை அவள் கையில் வைத்து மூடினாள். மடிப்பக்கா பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. மாரோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். இன்றைக்கு என் பிள்ளை சிரிப்பான், இன்றைக்கு என் பிள்ளை சாப்பிடுவான் என்று வழியெல்லாம் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. எதிரில் வந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

வீட்டில் சித்தி துரையின் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே அழுகை தீர்ந்துபோன முகம். மடிப்பக்கா டிவியைத் தூக்கி இயந்திரத்தை உருவி, தூசி தட்டி, கம்பிகளை மாட்டினாள். தட்டைத் திறந்து பார்த்தாள். வெளியே வந்தது, உள்ளே போனது. போதும்.

சிடியை அவளே போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் தள்ளினால்தானே அவன் பார்ப்பான், அது அந்த வீட்டுச் சட்டம் ஆயிற்றே. உறையிலிருந்து எடுத்துத் துரையின் கையில் கொடுத்தாள்.

"பாரு கண்ணு. நத்தை வந்துடுச்சு."

துரை அதைத் திருப்பிப் பார்த்தான். மூக்கில் வைத்து முகர்ந்தான். ஆடிக்கொண்டிருந்த உடம்பு நின்றது. எத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் தெளிவு. சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எழுந்தான். இயந்திரத்தைத் தாண்டி, டிவியைத் தாண்டி, நேராக அடுக்களைக்குப் போனான்.

அவளுக்குப் புரிவதற்குள் சத்தம் கேட்டது. வாளிக்கு முன்னால் துரை நின்றிருந்தான், கையில் இரண்டு துண்டு. ஒன்றைப் போட்டான், அடுத்ததையும் போட்டான். பிறகு கை தட்டிவிட்டு, தெரிகிற ஒற்றைக் கண்ணால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளிடமிருந்து வர வேண்டியது வந்தாக வேண்டும். வராவிட்டால் பக்கத்திலேயே சுவர்.

மடிப்பக்கா வீங்கிய கைகளைத் தூக்கினாள். தட்டினாள்.

"முடிஞ்சாச்சுடா கண்ணு. சபாஷ்."

துரைக்குப் பரம திருப்தி. வாளியின் மூடியை ஒழுங்காக மூடினான். பிறகு கூடத்துக்கு வந்து, தன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிவியைப் பார்த்தபடி, நத்தைக்காகக் காத்திருந்தான்.